செம்பூரில் ஆறு குரல்கள்

மும்பைக்கு நான் போனது ஒரு திருட்டைக் கண்டுபிடிக்க. அப்படித்தான் அப்போது நினைத்திருந்தேன்.

ஈப்போவில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஒரு வெளிநாட்டுத் தேர்வு வாரியத்துக்காக வாய்மொழித் தேர்வுகளைத் திருத்திக் கொடுக்கிறேன். எந்தெந்த நாட்டிலோ பிள்ளைகள் தமிழில் பேசிய ஒலிப்பதிவுகள் கணினிக்கு வரும். காதில் மாட்டிக் கேட்டு மதிப்பெண் போடவேண்டும். இந்த வருடம் செம்பூரிலுள்ள ஒரு சர்வதேசப் பள்ளியிலிருந்து ஆறு பதிவுகள் வந்தன. ஆறில் ஒருவன் கொரியப் பையன். ஒருத்தியின் அப்பா கென்யாக்காரர். இன்னொருவன் குஜராத்தி. மற்ற மூன்று பேர்தான் தமிழ் வீட்டுப் பிள்ளைகள்.

ஆனால் ஆறு பேரும் ஒரே ஆளிடமிருந்து வந்ததுபோலப் பேசினார்கள். "அங்கன", "இங்கன", "சவத்த விடு." கொரியப் பையன் கொஞ்சமும் தடுமாறாமல், "வெரசலா போவணும்னு பாத்தா வண்டி நவுர மாட்டேங்கு" என்கிறான். நான் அம்பாசமுத்திரத்தில் பிறந்தவள். கல்யாணமாகி மலேசியா வந்து முப்பது வருடத்துக்கு மேலானாலும் அந்தப் பேச்சு எனக்குத் தெரியாதா?

கூட்டமான ஓர் இடத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் ஆறு பேரும் மும்பையின் சயான் பகுதியில் பஸ் மாட்டிக்கொண்ட கதையையே சொன்னார்கள். இதே ஆறு பேரின் எழுத்துத் தேர்வுத் தாளை வாங்கிப் பார்த்தேன். இரண்டு வரி எழுதத் திணறியிருந்தார்கள். இவ்வளவு பேசத் தெரிந்தவர்களுக்கு எழுத ஏன் வரவில்லை? யாரோ ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டி, போட்ட மதிப்பெண்களோடு அதையும் வாரியத்துக்கு எழுதினேன். நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தரும்படி பதில் வந்தது. "நீ போலீசுக்குப் போயிருக்கவேண்டிய ஆள்" என்று என் கணவர் விமான நிலையத்தில் சொன்னார்.

முதல் நாளே எனக்குச் சந்தேகம் கூடியது. மும்பை விமான நிலையத்துக்கு வெளியே வந்தால் என் பெயர் எழுதிய அட்டை, பள்ளியின் கார், ஒரு பூங்கொத்து. ஆய்வுக்கு வருகிறவருக்கு எதற்குப் பூங்கொத்து? அதைப் பிடித்துக்கொண்டு நின்றவர் ரேணுகா. பள்ளியில் மொழிப்பாடங்களுக்கு ஒருங்கிணைப்பாளர். மும்பையில் தமிழர்கள் நிறைய இருக்கும் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"வாங்கோ, வாங்கோ. ஃப்ளைட்ல ஒண்ணும் சிரமமில்லையே? வெறும் வயத்தோட இருப்பேள். மொதல்ல டிபன், அப்புறந்தான் மத்ததெல்லாம்" என்றார்.

மாட்டுங்காவில் ஒரு பழைய காபிக் கடைக்குக் கூட்டிப்போனார். தனி மேஜை என்ற பேச்சே அங்கே கிடையாது. காலியாக இருக்கும் நாற்காலியில் உட்காரவேண்டியதுதான். எங்கள் எதிரே ஒரு பெரியவர் செய்தித்தாளை நாலாக மடித்துப் படித்துக்கொண்டே ரசவடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். ஈப்போவில் ஒருவர் சாப்பிடும் மேஜையில் உட்கார்ந்தால் இரண்டு முறை அனுமதி கேட்போம். இங்கே அவர் தலையை நிமிர்த்தாமலே தன் சட்னிக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். சாம்பாரில் வெல்லம் தூக்கலாக இருந்தது. காபி நன்றாக இருந்தது என்று எழுதாவிட்டால் பாவம்.

"தமிழ் டீச்சர் லலிதாவை நாளைக்குப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். பள்ளி அனுப்பிய படிவத்தில் அந்தப் பெயர்தான் இருந்தது.

ரேணுகா இட்லியை விண்டுகொண்டே, "லலிதா... ஆக்சுவலா அவ லீவுல இருக்கா. பாக்கலாம், பாக்கலாம்" என்றார்.

இரண்டு தடவை சொன்ன 'பாக்கலாம்' எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் பள்ளிக்குப் போனேன். அது இருமொழிப் பள்ளி. பகல் பன்னிரண்டு மணிவரை ஆங்கிலம், அதற்குப் பிறகு ஹிந்தி. அறிவியல் வகுப்பு ஒன்றில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இலை எப்படி உணவு தயாரிக்கிறது என்று ஆசிரியர் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. மூச்சு விட்டுக்கொண்டு அடுத்த வாக்கியத்தை ஹிந்தியில் ஆரம்பித்தார். தாழ்வாரத்தில் ஒரு சிறுமி இன்னொருத்தியிடம், "மணி அடிச்சாச்சு, இனிமே உன்னைத் திட்டலாம்" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு ஓடினாள். ஹிந்திப் படம் பார்த்துப் பழகிய அளவுக்கு எனக்குப் புரிந்தது. எங்கள் தமிழ்ப்பள்ளியிலும் மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றும் ஒரே நாளில் புழங்கும். ஆனால் எந்த மொழிக்கும் மணி அடித்ததில்லை.

சுவரெல்லாம் பிள்ளைகளின் படங்கள், எந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் என்ற விவரத்தோடு. தாராவியிலிருந்து இலவச இடத்தில் படிக்கும் பிள்ளைகளின் படங்கள் கொஞ்சம் பெரிதாகவே மாட்டப்பட்டிருந்தன. அதையும் குறித்துக்கொண்டேன்.

பிற்பகலில் ஆறு பேரையும் ஒரு அறைக்கு வரவழைத்தார்கள். ரேணுகாவும் கூட உட்கார்ந்துகொண்டார். பிள்ளைகள் விறைத்துப்போய், "வணக்கம் அம்மா. எங்கள் பள்ளி மிகவும் அழகான பள்ளி" என்று வரிசையாக ஒப்பித்தார்கள். ஒலிப்பதிவில் கேட்ட ஒரு 'அங்கன' கூட இல்லை.

கொரியப் பையனின் பெயர் ஜூன். "உனக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தது யார்?" என்று கேட்டேன்.

அவன் ரேணுகாவைப் பார்த்துவிட்டு, "லலிதா மிஸ்" என்றான்.

"லலிதா மிஸ் எப்படி இருப்பாங்க?"

"உயரமா" என்றான் ஜூன். "குட்டையா" என்றாள் பக்கத்தில் இருந்த அமானி, கென்யாக்காரரின் மகள். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. யாரும் சிரிக்கவில்லை.

கடைசி நாற்காலியில் இருந்தவள் செல்வி. தாராவிப் பெண். இலவச இடத்தில் படிப்பவள். என்னை நேராகப் பார்த்த ஒரே ஆள் அவள்தான். "எப்படிப் பள்ளிக்கு வருகிறாய்?" என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"பஸ்லதான் மிஸ். தொண்ணூறடி ரோட்ல ஏழு மணிக்கு வரும். நாங்க ஆறு பேரும் ஒரே பஸ்தான்."

"செல்வி, கிளாஸுக்கு நேரமாச்சு பாரு" என்றார் ரேணுகா.

வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். தமிழ் வகுப்புக்கு வருடம் முழுவதும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே நாளில் போட்ட மாதிரி டிக் குறிகள். திருப்பிக் கொடுத்தபோது ரேணுகா, "நாளைக்கு கேட்வே ஆஃப் இந்தியா பக்கம் போய்ட்டு வரலாமா? கார் சொல்லிடறேன்" என்றார். காரே வேண்டாம், நான் ஓய்வெடுக்கிறேன் என்று பொய் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலை ஆறரைக்கு டாக்ஸி பிடித்துத் தாராவிக்குப் போனேன். தொண்ணூறு அடி சாலை என்று பெயர்தான். தோல் பைகள் ஏற்றிய டெம்போவும், பால் வண்டியும், இட்லி விற்கும் பெண்களின் பாத்திரங்களும் போக மீதி இருந்தது பத்தடி. இரண்டு இட்லி வாங்கி நின்றுகொண்டே சாப்பிட்டேன். இங்கே சாம்பாரில் வெல்லம் இல்லை. எங்கள் ஊர் காரம். செல்வியை ஒரு கடையின் மறைவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வயதில் இப்படி ஒளிந்து நிற்பது எனக்கே கூச்சமாக இருந்தது.

மஞ்சள் நிற பஸ் வந்தது. செல்வி ஏறினாள். நானும் படியில் கால் வைத்தேன். வாசலில் ஒரு பெண் கையை நீட்டி மறித்தார். முப்பது வயதிருக்கும். நீலச் சட்டை, கழுத்தில் அட்டை. பஸ்ஸில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர்.

"எங்க ஏறுதீய?"

பள்ளிக்கு வந்திருக்கும் அதிகாரி என்றேன்.

"ஐடி காட்டுங்க."

வாரியத்தின் கடிதத்தைக் காட்டினேன். ஆங்கிலத்தில் இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. "இத மாதிரி நானும் அடிச்சுட்டு வரலாம். ஸ்கூல்லருந்து எனக்கு ஃபோன் வந்தாத்தான் ஏத்துவேன். மொதல்ல அந்தக் கட மறைவுல நின்னு எம் பிள்ளய எதுக்குப் பாத்துக்கிட்டு இருந்தீய? அதச் சொல்லுங்க."

செல்வி அவர் காதில் ஏதோ சொன்னாள். "யாரா இருந்தா என்னட்டி? பஸ்ஸுக்கு நாந்தான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு, தன் போனில் என்னைப் படம் எடுத்தார். சந்தேகப்படுவது என் வேலை என்றிருந்த எனக்கு, சந்தேகப்படுவது எப்படி என்று ஒருவர் செய்து காட்டியது போலிருந்தது.

கதவு சாத்தப்பட்டது. ஆனால் பஸ் நகரவில்லை. முன்னால் டெம்போ குறுக்கே திரும்ப முயன்று மாட்டிக்கொண்டது. பத்து நிமிடம் ஆரன் சத்தம். நான் பஸ்ஸின் பக்கவாட்டில் சன்னலுக்குக் கீழே நின்றேன். உள்ளே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது.

"ஏட்டி அமானி, தள்ளி ஒக்காரு. நேத்து முழுக்க நீதான் சன்னல்ல இருந்த." ஜூனின் குரல்.

"யாரு சொன்னா? சயான் வரைக்கும்தான் இருந்தேன். அப்பொறம் ஒனக்கு வாந்தி வருதுன்னு குடுத்தேம்லா?"

"வாந்தி வந்தா குடுக்கணும்லா?"

"வாந்தியே எடுக்கல நீ. பொய்க்காரப் பய."

நடுவில் அந்தப் பெண்ணின் குரல் வந்தது. "லேய், ஒவ்வொருத்தரா பேசுங்க. ஜூன், நீ சொல்லு. மொதல்லருந்து சொல்லு. அமானி, அவன் முடிக்கட்டும்." ஒரு வழக்கு விசாரணை மாதிரி நடந்தது. ஜூன் சாட்சி சொன்னான். குஜராத்திப் பையன் அதை மறுத்தான். செல்வி இரண்டு பேரையும் திட்டினாள். மனப்பாடம் செய்தவர்கள் இப்படி இடைமறித்துச் சண்டை போட முடியாது. மூன்று வாரமாக நான் கட்டி வைத்திருந்த வழக்கு, ஒரு சன்னலுக்குக் கீழே பத்து நிமிடத்தில் சரிந்தது.

டெம்போ விலகி பஸ் போய்விட்டது. நான் சயானுக்கு நடந்து ரயிலேறினேன். அடுத்த நிலையம் குர்லா, அங்கே இறங்கி வண்டி மாறினால் செம்பூர். பெண்கள் பெட்டியில் உட்கார இடம் தேடி உள்ளே போனது என் தப்பு. "ஒரு ஸ்டேஷனுக்கு எதற்கு உள்ளே வந்தீர்கள்?" என்கிற மாதிரி ஒரு மீன்கூடைக்காரி மராத்தியில் கத்த, இன்னொரு பெண் ஹிந்தியில், "பாவம், வெளியூர்" என்று பரிந்து பேச, குர்லா வந்து போய்விட்டது. வித்யாவிகாரில் செருப்பின் ஒரு வார் அறுந்த நிலையில் இறங்கினேன். எங்கள் ஊர் ரயிலில் பக்கத்து ஆளின் முழங்கை பட்டாலே மன்னிப்புக் கேட்போம். இங்கே முதுகில் கை வைத்துத் தள்ளி, இறங்கிய பிறகு என் பையையும் எடுத்து நீட்டினார்கள்.

ஆட்டோவில் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது ரேணுகாவின் அறையில் அந்த நீலச் சட்டைப் பெண் நின்றுகொண்டிருந்தார். என் படம் எனக்கு முன்பே வந்துவிட்டது.

"இவங்கதான் மேடம்" என்றார், என்னைக் கை காட்டி.

ரேணுகா எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்கோ" என்றார். நான் உட்காரவில்லை.

"லலிதா எங்கே?"

ரேணுகா மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து நேராக வைத்தார். "போன வருஷமே போய்ட்டா. துபாய்ல ஆம்படையானுக்கு வேலை. பதிலுக்கு ஆள் தேடினோம், கிடைக்கலை. தமிழ் இல்லைன்னு எழுதினா இந்த ஆறு பேருக்கும் பாடமே போயிடும். அதுல செல்விக்கு இது இல்லாட்டா சர்டிஃபிகேட்டே கிடையாது. அதனால..."

"அதனால பதிவேட்டை நீங்களே நிரப்பினீங்க."

"ஆமாம்."

"தமிழ் வகுப்பு நேரத்தில் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள்?"

"லைப்ரரில."

நீலச் சட்டைப் பெண்ணிடம் திரும்பினேன். அவர் பெயர் பேச்சியம்மாள். தாராவியில் பிறந்தவர். "நீங்கள்தான் அவர்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தீர்களா?"

"ஐயோ, நான் எதுக்குச் சொல்லிக் குடுக்கேன்? எனக்கே தமிழ் படிக்க வராது மேடம். நான் படிச்சது ஹிந்தி ஸ்கூலு." பயந்த குரலில் ஆரம்பித்தவர் போகப் போகக் கோபமானார். "பஸ்ல ஏறுனா டெய்லி லஃப்டா, சண்டதான். இங்கிலீஷ்ல அடிச்சுக்கிடும்ங்க. எனக்கு ஒண்ணும் வெளங்காது. ஹிந்தில பேசுங்கன்னா, பன்னெண்டு மணிக்கு முன்னால ஹிந்தி பேசுனா மிஸ் ஏசுவாங்கங்குதுக. பஸ்ஸும் ஸ்கூல்தானாம். ரூலு. சரி, தமிழுக்கு ரூலு உண்டாட்டீன்னு செல்விகிட்ட கேட்டேன். இல்லன்னா. அப்ப தமிழ்ல சொல்லுங்க, யாரு ஒழுங்கா சொல்லுதீயளோ அவங்களுக்குச் சன்னல்னு சொல்லிட்டேன். அம்புட்டுதான்."

கொரியப் பையனுக்கு எப்படித் தமிழ் வந்தது என்று கேட்டேன்.

"அவன் மெட்ராஸ் பக்கம் சின்னப் பிள்ளையா இருந்தவன். அவன் அப்பா கார் கம்பெனி. நாலு வார்த்த தெரியும். சன்னல் வேணும்லா? கத்துக்கிட்டான். மாஹிம்லருந்து செம்பூர் வரதுக்குள்ள போவ ஒண்ணே கால் மணி, வர ஒண்ணர, அப்பவும் சன்னலுக்குத் தமிழ்தான். சுனாபட்டி சிக்னல்ல மாட்டுனா அதுக்கும் மேல."

பிறகு ரேணுகாவைப் பார்த்துச் சொன்னார்: "எம் பேர நீங்க எங்கயும் எழுதல. நல்லா இருந்தப்ப கூப்புடல. இப்ப மட்டும் எதுக்கு மேடம் கூப்புட்டீங்க?"

எனக்கு ரேணுகாவிடம் கோபமாகவும் இருந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. ஆனால் பதிவேடு பொய். அதை எழுதாமல் விட முடியாது என்று இருவர் முன்னிலையிலும் சொன்னேன்.

பேச்சியம்மாள் போகும்போது வாசலில் நின்று, "எம் பேரையும் எழுதுவீயளா?" என்று கேட்டார்.

"எழுதலாமா?"

யோசித்தார். "டீச்சர்னு எழுதிராதீய. அது பொய்யாயிரும். பஸ்ல சண்டையத் தீத்து வச்சேன்னு எழுதுங்க."

நான்காம் நாள், ரேணுகாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்தேன். கேள்விகளை அன்று காலைதான் யோசித்திருந்தேன். நீ செய்த ஒரு தப்பைச் சொல் என்றேன் ஜூனிடம். வாந்தி வராமலே வாந்தி என்று சொன்னதை ஒப்புக்கொண்டு, "ஆனா அமானி செஞ்சது அதவிடப் பெருசு" என்று அரை மணி நேரம் வாதாடினான். அமானி அவனைவிட நன்றாகப் பேசினாள். குஜராத்திப் பையன் இரண்டு பேருமே பொய் என்றான். யாரிடமும் மனப்பாடத்தின் வாடையே இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு குணம் இருந்தது. ஈப்போவில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கேட்டபோது எனக்கு அது கேட்கவில்லை.

செல்வி கடைசியாக வந்தாள். உட்கார்ந்ததும், "நான் ஒண்ணு கேக்கலாமா மிஸ்?" என்றாள்.

"கேள்."

"முதல்ல வந்த மார்க் லிஸ்ட்ட ரேணுகா மிஸ் எங்ககிட்ட காட்டுனாங்க. ஜூனும் நானும் ஒரே மாதிரிதான் பேசுனோம். அதே பஸ்ஸு, அதே கத. சொல்லப்போனா அவன் ரெண்டு எடத்துல தப்பா சொன்னான், நான் சொல்லல. அவனுக்கு நெறைய மார்க். ஆறு பேர்ல எனக்குத்தான் கம்மி. ஏன் மிஸ்?"

தேர்வு நடத்துகிறவள் நான். ஆனால் பதில் சொல்லவேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பையிலிருந்து என் குறிப்புகளை எடுத்தேன். பார்க்காமலே தெரியும், ஆனாலும் பார்த்தேன். ஜூனுக்கு எதிரே, 'வியக்கத்தக்க சரளம். எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆய்வு தேவை' என்று எழுதியிருந்தேன். செல்விக்கு எதிரே இரண்டே வார்த்தை: 'கொச்சைப் பேச்சு.' கொரியப் பையன் 'அங்கன' என்றபோது எனக்குச் சந்தேகம் வந்தது, கூடவே வியப்பும் வந்தது. தாராவிப் பெண் அதையே சொன்னபோது முகம் சுளித்து மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறேன். மலேசியாவுக்கு வந்த புதிதில் என் மாமியார் வீட்டார் நான் 'அங்கன' என்று சொன்னால் சிரிப்பார்கள். ஒரே வருடத்தில் அந்த வார்த்தையை விட்டுவிட்டேன். பிறகு முப்பது வருடம் பிள்ளைகளிடமிருந்தும் அதைத் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

"தப்பு என்னுடையது" என்றேன்.

அவள் அதை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. "அப்ப மாத்துவீங்களா?"

"மாத்துவேன்."

"எழுதித் தருவீங்களா?"

அவளுக்கு என்மேல் சந்தேகம்தான். ஆனால் அவள் கேட்டதில் என்ன தப்பு? அங்கேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். வாங்கி எழுத்துக் கூட்டிப் படிக்கப் பார்த்தாள். பாதியில் நிறுத்தி, "நீங்களே படிங்க மிஸ்" என்றாள். படித்துக் காட்டினேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள்.

விமான நிலையத்துக்குப் பள்ளியின் காரை மறுத்து டாக்ஸி வைத்துக்கொண்டேன். ரேணுகா வாசல்வரை வந்தார். பூங்கொத்து இல்லை. "நீங்க எழுதறதை எழுதுங்கோ. கொழந்தைகளை மட்டும் விட்டுடுங்கோ" என்றார். டாக்ஸிக்காரர் பீகாரி. தேவ்நார் பக்கம் குடியிருக்கிறாராம். என் மகள் என்ன படிக்கிறாள் என்பதில் ஆரம்பித்து, மலேசியாவில் டாக்ஸி ஓட்ட என்ன உரிமம் வேண்டும் என்பதுவரை கேட்டார். யார் எதைக் கேட்டாலும் அதற்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று பார்க்கிற என் பழக்கம் அன்று ஓய்ந்து கிடந்தது. தெரிந்ததைச் சொன்னேன்.

அறிக்கையில் எல்லாவற்றையும் எழுதினேன். ஆசிரியர் இல்லாததை, பதிவேட்டை, பிள்ளைகள் பேசியது அவர்களுடைய சொந்தப் பேச்சு என்பதை. பேச்சியம்மாள் பெயரை அவர் சொன்னபடியே எழுதினேன். சில வாரத்தில் முடிவு வந்தது. ஆறு பேரின் வாய்மொழி மதிப்பெண்களும் செல்லும். ஆனால் தகுதியுள்ள ஆசிரியரை நியமிக்கும்வரை அந்தப் பள்ளி தமிழுக்கு வேறு யாரையும் தேர்வுக்கு அனுப்பக் கூடாது. ரேணுகாவை ஒருங்கிணைப்பு வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர் தொடக்கப்பள்ளியில் ஹிந்தி வகுப்பு எடுக்கிறாராம். பேச்சியம்மாள் அதே பஸ்ஸில்தான் இருக்கிறார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லையாம். அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

செல்வியின் மதிப்பெண்ணை மாற்றுவதற்குத் தனிப் படிவம். காரணம் என்ற இடத்தில் மூன்று வாய்ப்புகள் இருந்தன: ஒலிப்பதிவுக் கோளாறு, கூட்டல் பிழை, மற்றவை. கூட்டல் பிழை என்று குறித்தால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். என்னைத் தொடர்ந்து வேலைக்கு வைத்துக்கொள்ளவும் அதுதான் வசதி. மற்றவை என்பதைக் குறித்தேன். விளக்கம் கேட்டது. 'மாணவி சரியாகத்தான் பேசினார். அது நான் பிறந்த ஊரின் தமிழ் என்பதால் குறைத்து மதிப்பிட்டேன்' என்று எழுதி அனுப்பினேன்.